இறக்குமதிக் கணக்கும் நம் சங்கங்களும்

சரக்கு வாங்குவோரும் விற்போரும் சந்தை நிலவரம் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. உள்ளூர் நிலவரத்தை நம் அங்கத்தினர்கள் நன்றாகவே அறிவர். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் நேற்று வெண்கூடு கிலோ என்ன விலைக்கு ஏலம் போயிற்று என்று கேட்டால் பட்டு விவசாயி தயங்காமல் சொல்லுவார். பாவுக்குரிய பட்டின் விலை சென்ற மாதத்துக்கு இம்மாதம் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் நெசவாளர் சொல்லுவார். ஆனால், இவ்விரு விலைகளையும் ஒருங்கே அசைக்கவல்ல மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. நம் நாட்டுத் துறைமுகங்களில் வந்திறங்கும் அயல்நாட்டுக் கச்சாப்பட்டின் கணக்கே அது. அதை அறிந்தவர் நம்மிடையே நூற்றுக்கு ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே.

இத்தனைக்கும் அக்கணக்கு இரகசியமன்று. அரசாங்கமே அதனைத் தொகுத்து மாதந்தோறும் வெளியிடுகிறது. பெரிய வியாபாரிகள் அதைப் பார்க்கின்றனர். அதற்கேற்ப வாங்குகின்றனர், விற்கின்றனர். தறிமேடையிலும் மல்பெரித் தோட்டத்திலும் உழைப்போருக்குத்தான் அது எட்டுவதில்லை. எட்டச் செய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு சங்கத்தில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஆய்வின் பொருட்டு ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். இருப்பறையைத் திறந்து காட்டினார்கள். வழக்கமாக ஒன்றரை மாதத் தேவைக்குரிய கச்சாப்பட்டு இருக்கும் இடத்தில் ஐந்து மாதத் தேவைக்குரியது அடுக்கப்பட்டிருந்தது. ஏன் இவ்வளவு கொள்முதல் என்று கேட்டோம். சங்கத் தலைவர் அறுபதைக் கடந்த பெரியவர். நாற்பது ஆண்டுகள் தறியில் இருந்தவர்.

"சீனத்துப் பட்டு இனிமேல் வராது, இப்போதே வாங்கி வைக்காவிட்டால் தீபாவளிக்குத் தறி நின்றுவிடும் என்று வியாபாரி சொன்னார், சார். அங்கத்தினருக்கு வேலை இல்லாமல் போய்விடுமே என்ற பயத்தில் வாங்கிவிட்டோம்" என்றார்.

அவர் சொல்லில் பொய்யில்லை, எண்ணத்திலும் பழுதில்லை. ஆயினும், வாங்கிய இரண்டாம் மாதத்திலேயே விலை இறங்கிற்று. சங்கத்தின் பணமெல்லாம் இருப்பறையில் முடங்கிக் கிடந்தது. கூலிப் பட்டுவாடா தாமதமாயிற்று. அன்று வாயிற்படியில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், "கூலி இந்த வாரமாவது கிடைக்குமா, ஐயா?" என்று நம்மிடம் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் அரசாங்கத்தின் இறக்குமதிக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். சங்கம் கொள்முதல் செய்வதற்கு முந்தைய மூன்று மாதங்களிலும் கச்சாப்பட்டு வரத்து குறையவில்லை. மாதத்துக்கு மாதம் ஏறியே வந்திருந்தது. 'சரக்கு வராது' என்ற பேச்சு புறப்பட்ட வேளையில் சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

இதில் நம் குற்றமும் உண்டு. "தேவைக்கு மிஞ்சிய இருப்பு" என்று ஆய்வறிக்கையில் எழுதுவது நமக்கு எளிதாயிருந்தது. ஆனால், குறை காண்பதற்கே நாம் அக்கணக்கைத் தேடினோம்; முன்கூட்டியே எடுத்துச் சொல்லுவதற்கு அன்று. அச்சங்கத்தார் வாங்கத் தீர்மானித்த நாளில் அத்தாளை எவரேனும் அவர்கள் முன் வைத்திருந்தால், அந்த முதியவருக்குக் கூலி உரிய நாளில் கிடைத்திருக்கும்.

கணக்கு பிறக்கும் இடம்

அயல்நாட்டுச் சரக்கு எதுவாயினும், அதனைத் தருவிப்பவர் சுங்க அலுவலகத்தில் நுழைவுப் பத்திரம் ஒன்று தாக்கல் செய்தல் வேண்டும். சரக்கின் பெயர், அளவு, மதிப்பு, எந்த நாட்டுப் பொருள், செலுத்தவேண்டிய வரி எவ்வளவு என்பன அதில் அடங்கும். பெயரை மட்டும் எழுதினால் ஒருவர் 'பட்டு' என்பார், மற்றொருவர் 'நூல்' என்பார். அக்குழப்பத்தைத் தவிர்க்க ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. 1988 முதல் நடப்பிலுள்ள உலகப் பொது முறைப்படி, அவ்வெண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் அம்முறையை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அவற்றோடு நம் நாடு இன்னும் இரண்டைச் சேர்த்து எட்டு இலக்கமாக வழங்குகிறது.

பட்டுக்குரியது 50ஆம் அத்தியாயம். அதில் நம்மவர் நினைவில் கொள்ள வேண்டிய எண்கள் மூன்றே. முறுக்கேற்றாத கச்சாப்பட்டு 5002. அதனுள் மல்பெரிக் கச்சாப்பட்டுக்கு எட்டிலக்க எண் 50020010. முறுக்கேற்றிய பட்டு நூல் 5004. நெய்து முடித்த பட்டுத் துணி 5007.

துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் பதிவாகும் இவ்விவரங்கள் கொல்கத்தாவிலுள்ள வாணிபத் தகவல் மற்றும் புள்ளிவிவரத் தலைமை இயக்ககத்துக்குச் செல்லுகின்றன. 1906 முதல் வாணிப இதழ் ஒன்றையும் வெளியிட்டு வந்த பழைய நிறுவனம் அது. எண்வாரியாகவும் நாடுவாரியாகவும் கூட்டப்பட்ட தொகைகளை மத்திய வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எண்ணையும் மாதத்தையும் குறிப்பிட்டால், எவ்வளவு சரக்கு, என்ன மதிப்புக்கு, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது தெரியவரும். கணக்கு சில வாரங்கள் பிந்தியே வெளியாகும் என்பது உண்மை. எனினும், வாய்ச் செய்தியை நம்புவதினும் பிந்தி வரும் மெய்க்கணக்கை நம்புவது மேல்.

ஒரே கணக்கு, இரண்டு முகம்

பட்டு உற்பத்தியில் உலகில் சீனாவுக்கு அடுத்த இடம் நம் நாட்டினுடையது. 2022-23ஆம் ஆண்டில் எல்லா வகைப் பட்டும் சேர்ந்து 36,000 டன்னுக்கு மேல் இங்கு விளைந்தது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மல்பெரிப் பட்டு. ஆயினும், நம் தறிகளின் தேவை அதனினும் பெரிது. பாவுக்கு ஏற்ற, சீரான, அறுபடாத இழை போதிய அளவில் கிடைக்காத காலங்களில் அயல்நாட்டுப் பட்டு வருவது நெடுநாள் வழக்கம்.

இவ்வரத்தின் அளவை வரியும் தீர்மானிக்கிறது. 2011ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் கச்சாப்பட்டின் அடிப்படைச் சுங்கவரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2011-12ஆம் ஆண்டில் 5,000 டன்னுக்கு மேல் கச்சாப்பட்டு இறக்குமதியாயிற்று. கூட்டின் விலை சரிந்தது. கர்நாடகத்துப் பட்டு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். 2013ஆம் ஆண்டில் வரி 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2013-14ஆம் ஆண்டின் வரத்து 3,000 டன்னுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. வரி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வாண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்ததும் அயல்நாட்டுச் சரக்கின் விலையைக் கூட்டிற்று. பிற்பாடு 10 விழுக்காடாக இருந்த வரி 2021ஆம் ஆண்டில் மீண்டும் 15 ஆக்கப்பட்டது.

வரி இறங்கினால் நெசவாளருக்கு நூல் மலிவு. விவசாயிக்குக் கூட்டின் விலை தாழ்வு. வரி ஏறினால் நிலைமை மறுதலை. ஆகவே இவ்விருவரும் ஒருவருக்கொருவர் பகைவர் என்று சிலர் பேசுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 5007 என்ற எண்ணைப் பார்த்தால் இது விளங்கும். நெய்து முடித்த அயல்நாட்டுப் பட்டுத் துணியே வந்து குவியுமானால், தறிக்கும் வேலையில்லை, கூட்டுக்கும் கிராக்கியில்லை. கச்சாப்பட்டின் வரத்துக் குறைந்துவிட்டது என்று விவசாயி மகிழும் அதே மாதத்தில் துணியின் வரத்து ஏறியிருக்கலாம். அம்மகிழ்ச்சி நிலைக்குமா? இரு தரப்பாரும் ஒரே தாளை ஒன்றாக அமர்ந்து பார்த்தால் பாதிப் பூசல் அடங்கும் என்பது நம் துணிபு.

விவசாயிக்கு ஏன் வேண்டும்?

நெசவாளர் சங்கம் நூலை வாங்கி இருப்பு வைக்கலாம், வாங்காமலும் பொறுத்திருக்கலாம். பட்டு விவசாயிக்கு அவ்வசதி இல்லை. புழு வளர்ப்பு நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். கூடு கட்டிய பின்னர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிப்பட்டால் இழை அறுந்துபோகும். கூடு நூற்பதற்கு உதவாது. எனவே அங்காடியில் அன்றைக்கு என்ன விலையோ அதற்கே கொடுத்துவிட வேண்டியதாகிறது.

ஆதலின் விவசாயிக்கு அறிவு வேண்டுவது விற்கும் நாளில் அன்று. முட்டைத் தொகுதி வாங்கும் நாளில். இம்முறை எத்தனை தொகுதி எடுப்பது, வெண்கூட்டு இனமா மஞ்சள் கூட்டு இனமா, புழுவறை விரிவுக்கு இப்போதே கடன் வாங்குவதா அல்லது அடுத்த பருவத்துக்குத் தள்ளுவதா என்று தீர்மானிக்கும்போது, கடந்த சில மாதங்களின் வரத்துக் கணக்கு கையில் இருந்தால் அது கைவிளக்காக உதவும்.

படிக்கும் முறை

கணக்கு கிடைத்தால் மட்டும் போதாது. படிக்கவும் தெரிய வேண்டும். முதலாவது, சராசரி விலை காணுதல். மதிப்பை அளவால் வகுத்தால் கிலோவுக்குரிய சராசரி விலை வரும். உதாரணமாக, ஒரு மாதத்தில் 2 லட்சம் கிலோ கச்சாப்பட்டு 100 கோடி ரூபாய் மதிப்புக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 5,000 ரூபாய் ஆகிறது. சுங்கவரி 15 விழுக்காடு என்று கொண்டால் 750 ரூபாய் கூடி 5,750 ஆகும். அதன்மேல் மற்ற வரிகள், துறைமுகச் செலவு, வண்டிக்கூலி, வியாபாரியின் இலாபம் ஆகியவற்றைக் கூட்டினால், அச்சரக்கு நம் ஊருக்கு வந்து சேரும்போது என்ன விலை சொல்லலாம் என்பது தோராயமாகப் புலப்படும். வியாபாரி கேட்கும் விலை அதற்கு மிகவும் மேலே நின்றால், ஏன் என்று கேட்க நமக்கு ஆதாரம் உண்டு.

இரண்டாவது, ஒரு மாதத்தைத் தனியே பார்த்து முடிவு செய்யலாகாது. ஒரு கப்பல் முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் ஒரு மாதக் கணக்கு மாறிவிடும். குறைந்தது மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்த்து, சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுதல் வேண்டும்.

மூன்றாவது, ஓர் எண்ணை மட்டும் பார்ப்பதும் தவறு. 5002 குறைந்து 5004 ஏறினால் வரத்துக் குறையவில்லை. கச்சாப்பட்டாக வந்தது முறுக்கேறிய நூலாக வருகிறது என்பதே பொருள்.

நான்காவது, நாட்டையும் கவனித்தல் வேண்டும். வாணிப ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் சரக்குகள் சிலவற்றுக்கு வரிச்சலுகை உண்டு. ஒரு நாட்டின் வரத்துத் தாழ்ந்து இன்னொரு நாட்டின் வரத்துத் திடீரென உயர்ந்தால் அதன் காரணத்தை விசாரித்தறிய வேண்டும்.

கணக்கு சொல்லாதவை

இத்தொகைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாம் கூறவில்லை. கச்சாப்பட்டில் தரங்கள் பல. உயர்தரமும் தாழ்தரமும் ஒரே எண்ணின் கீழ்க் கூட்டப்படுவதால், சராசரி விலை எத்தரத்துக்குரியது என்று தெரியாது. மதிப்பைக் குறைத்துக் காட்டி வரி ஏய்ப்போர் இருந்தால் அதையும் மொத்தத் தொகை மறைத்துவிடும். இன்னார் இன்ன விலைக்கு இவ்வளவு தருவித்தார் என்ற தனித்தனி விவரம் கிடைத்தால்தான் அவை வெளிப்படும்.

ஆனால், அவ்விவரத்தை எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவதற்கு எதிராக இறக்குமதியாளர் கூறும் வாதத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் பாடுபட்டுத் தேடிய சரக்கிடத்தையும் விலையையும் போட்டியாளர் எளிதில் தெரிந்துகொள்வது முறையாகாது என்கின்றனர். தனித்தனி விவரங்களைத் திரட்டி விலைக்கு விற்போரும் பெருகினர். இதனால் 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்கின் மதிப்பு, வகை, அளவு, தருவித்தவர் அல்லது அனுப்பியவர் பற்றிய விவரங்களைச் சட்டம் வேண்டாதபோது வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மத்திய அரசாங்கம் தானே வெளியிடுவதற்கும், அதன் சார்பில் வெளியிடப்படுவதற்கும் இத்தடை இல்லை. ஆகவே சங்கங்கள் அரசாங்க இணையதளத்தில் வெளியான மொத்தத் தொகைகளோடு நிற்றல் வேண்டும். எவரோ விற்கும் தனி விவரப் பட்டியலை வாங்கிப் பலகையில் ஒட்டுதல் கூடாது.

தனி விவரம் உண்மையிலேயே தேவைப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அயல்நாட்டார் தம் நாட்டில் விற்கும் விலைக்கும் தாழ்த்தி இங்கே விற்று, அதனால் உள்நாட்டுத் தொழில் நசிந்தால், 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கலாம். சீனக் கச்சாப்பட்டின்மீது 2003ஆம் ஆண்டில் அத்தகைய வரி விதிக்கப்பட்டது. இன்று இவ்விசாரணைகளை நடத்துவது புதுதில்லியிலுள்ள வாணிபத் தீர்வுகள் தலைமை இயக்ககம். மனுவை வெளிப்படையாக ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 விழுக்காட்டுக்கு உரியவராய் இருத்தல் வேண்டும். எதிர்ப்போரைவிட ஆதரிப்போரின் பங்கு மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மனுவோடு வரத்துக் கணக்கு, உற்பத்திச் செலவு, நட்டத்தின் அளவு அனைத்தும் காட்டப்பட வேண்டும்.

சில பெரிய ஆலைகள் மட்டும் உள்ள தொழிலுக்கு இது எளிது. அவர்களிடம் வழக்கறிஞர் உண்டு; கணக்கர் உண்டு. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நூற்பாளர்களும், அவர்களை நம்பிக் கூடு விளைவிக்கும் சிறு விவசாயிகளும் எவ்வாறு 25 விழுக்காட்டைத் திரட்டுவது? தனித்தனியே முடியாது, கூடினால் முடியும். கூட்டுறவுக்கு இதனினும் பொருத்தமான பணி வேறில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

பெருஞ்செலவின்றி நாளையே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு சங்கமோ இணையமோ பொறுப்பேற்று, மேற்கூறிய மூன்று எண்களின் மாதக் கணக்கை எடுத்து, அளவு, மதிப்பு, கிலோவுக்குச் சராசரி, சென்ற ஆண்டின் அதே மாதத்து அளவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, மற்றச் சங்கங்களுக்கு அனுப்புதல் வேண்டும். எழுத்தர் ஒருவருக்கு இது அரைநாள் வேலை.

இரண்டாவதாக, அத்தாள் அலுவலக மேசையில் உறங்காமல், கூலிப் பட்டுவாடா நடக்கும் இடத்திலும் பட்டுக்கூடு அங்காடியிலும் பலகையில் ஒட்டப்படுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு மாதத் தேவைக்கு மேல் நூல் கொள்முதல் செய்யும் எந்தத் தீர்மானத்திலும், கடந்த மூன்று மாத வரத்துக் கணக்கு நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது என்ற ஒரு வரி பதியப்படுதல் வேண்டும். எம்மைப் போன்ற ஆய்வாளர்களும் இருப்பு மிகுதி என்று பின்னர் எழுதுவதை விட்டு, அவ்வரி இருக்கிறதா என்று முன்னரே கேட்கப் பழகுதல் வேண்டும்.

நான்காவதாக, விவசாயிகளும் நூற்பாளர்களும் தத்தம் செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தல் வேண்டும். தழைச் செலவு, ஆள்கூலி, முட்டைத் தொகுதியின் விலை, ஒரு கிலோ பட்டுக்கு எத்தனை கிலோ கூடு செலவாயிற்று என்பன எழுத்தில் இல்லாவிட்டால், இறக்குமதியால் நட்டம் என்று எந்த அலுவலகத்தில் முறையிட்டாலும் அது வெறும் புலம்பலாகவே எண்ணப்படும். துறைமுகக் கணக்கு பாதி. நம் கணக்கு மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

அரசாங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இக்கணக்குகள் தமிழிலும் பிற தாய்மொழிகளிலும் வெளியாக வேண்டும். தருவித்தவரின் பெயரையும் சரக்கு வந்த இடத்தையும் மறைத்து, தரவாரியான அளவையும் விலையையும் மட்டும் வெளியிட்டால் எவர் இரகசியமும் கெடாது. சிறு உற்பத்தியாளருக்கு வழி பிறக்கும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. நாம் ஆற்றில் போடவில்லை. அங்கத்தினர் உழைத்துச் சேர்த்த பங்குத் தொகையைப் போடுகிறோம். அதை அளக்கும் படி அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க எவர் தடையுமில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குச் செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், "இம்மாத வரத்துக் கணக்கு எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்பாராக. கேட்பார் இருந்தால் அத்தாள் தானே வந்து சேரும்.